எல்லோருக்கும் கிளம்பிய கார்

பூந்தமல்லியை அடுத்த குமணன்சாவடியில் தசரதனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். தசரதனின் கார் கிளம்பாது என்பது தெரியாதவர்கள் இல்லை. கிழக்கே ஐயப்பன்தாங்கல் முதல் மேற்கே செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை அந்தப் புகழ் பரவியிருந்தது.

கார் கறுப்பு. 1938-இல் சீமையில் பிறந்தது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி கப்பலேறும் அவசரத்தில் தசரதனின் தகப்பனார் தலையில் கட்டிவிட்டுப் போனது. ஊரில் அதற்குத் துரை வண்டி என்று பெயர். துரை ஏன் அத்தனை அவசரமாகக் கப்பலேறினார் என்பது அந்த வண்டியை ஒரு முறை கிளப்பிப் பார்த்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

காரோடு இன்னொன்றையும் தகப்பனார் விட்டுப் போயிருந்தார். "'முடியாது'ன்ற வார்த்தை நம்ம ஊட்டு வாசப்படி தாண்டினதே கிடையாது" என்று அவர் திண்டில் சாய்ந்துகொண்டு சொல்லும் பெருமை. நிலத்தில் பங்கு கேட்ட தம்பிமார்கள், அரிசி மில்லில் பங்கு கேட்ட தம்பிமார்கள், இந்தப் பெருமையில் மட்டும் பங்கு கேட்கவில்லை. அது முழுசாகத் தசரதனுக்கே வந்து சேர்ந்தது.

ஆகவே சொந்தக்காரர் எவர் வந்து கார் கேட்டாலும் தசரதன், "தாராளமா எடுத்துகினு போங்க" என்பார். எடுத்துக்கொண்டு போக அவர்களால் முடியாது. ஏனென்றால் அது கிளம்பாது.

கிளப்பத் தெரிந்த ஒரே மனிதர் டிரைவர் வேம்புலி. வயது நாற்பத்தெட்டு. பதினேழு வருஷமாக அந்த வீட்டில் வேலை. கார் ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவி கெங்கம்மாளோடும் இரண்டு பெண்களோடும் குடியிருப்பு. அறை வேலையோடு வந்தது. வேலை காரின் வியாதியோடு வந்தது.

வியாதி இருந்த இடம் என்ஜினுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள். அங்கே இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். விலகும் ஒவ்வொரு தடவையும் பிளக்கில் ஒரு பொறி. பாயிண்ட் என்பார்கள். பொட்டுகள் கருகிவிட்டால் பொறி இல்லை. பொறி இல்லாவிட்டால் கார் என்பது நான்கு நாற்காலி போட்ட இரும்பு அறை. துரை வண்டியில் பொட்டுகள் மாதம் இருமுறை கருகும். வேம்புலி பானெட்டைத் தூக்குவார், மூடியைக் கழற்றுவார், உப்புத்தாளால் தேய்ப்பார், காலி சிகரெட் பாக்கெட்டிலிருந்து கிழித்த அட்டைத் துண்டை இடுக்கில் விட்டு இடைவெளியை அளப்பார். அவர் சிகரெட் பிடிப்பவரல்ல, வெற்றிலை. அட்டைக்காகவே பெட்டிக்கடை வாசலில் காலி பாக்கெட் பொறுக்குவார்.

இத்தனை சிகிச்சையும் தசரதன் வெளியே போகும்போதுதான் பலிக்கும். சொந்தக்காரர்கள் வந்தால் வண்டி பிடிவாதம் பிடிக்கும். முக்கியமாக ஐயப்பன்தாங்கலில் இருந்து வரும் மைத்துனர் பக்தவத்சலத்துக்கு. பதினேழு வருஷத்தில் அவருக்கு அது ஒரு தடவை கூடக் கிளம்பியதில்லை. குடும்பத்தோடு வருவார், பலகாரத் தூக்கோடு ஏறி உட்காருவார், அரை மணி வியர்ப்பார், இறங்கி பஸ்ஸுக்குப் போவார். தசரதன் வாசலில் நின்று, "இன்னா டிரைவர் நீ? மச்சான் மானத்த வாங்கறியே!" என்று வேம்புலியை ஊர் கேட்கத் திட்டுவார். வேம்புலி தலையைச் சொறிவார். நாகம்மாள், அதாவது தசரதனின் மனைவி, பக்தவத்சலத்தின் அக்கா, உள்ளே இருந்து பெருமூச்சு விடுவாள்.

இப்படியே எல்லோரும் சௌக்கியமாக இருந்தபோது, 1972-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் விஞ்ஞானம் குறுக்கிட்டது.

தசரதனின் மகன் பரந்தாமன் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமா வாங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோ பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மேனேஜரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தான். விருந்து நன்றாக முடிந்தது. மேனேஜரைத் திரும்பக் கொண்டுவிட எடுத்த கார், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு எதிரில், சரியாகப் பாதையின் நடுவில் உயிரை விட்டது. பொட்டு நிஜமாகவே கருகிப் போயிருந்தது. மேனேஜரும் இறங்கித் தள்ளினார். தள்ளும்போது அவருடைய செருப்பு சாணியில் போயிற்று.

"அப்பா, இதுக்கு ஒரு முடிவு கட்றேன்" என்றான் பரந்தாமன் அன்று சாயங்காலமே. "எலெக்ட்ரானிக் இக்னிஷன். அமெரிக்காவுல போட ஆரம்பிச்சிட்டான். டிரான்சிஸ்டர் வெச்ச ஒரு பொட்டி. கரண்டு முழுசும் பொட்டி வழியாப் போயிடும். பாயிண்ட் கருகவே கருகாது. அப்புறம் யார் வேணா ஸ்டார்ட் பண்ணலாம். சின்னக் கொழந்த கூட."

"யார் வேணாவா?" தசரதனின் முகம் மலர்ந்தது. தகப்பனாரின் பெருமைக்கு இருபத்தைந்து வருஷமாக இருந்து வந்த ஒரே குறை தீரப்போகிறது.

"அப்புறம் டிரைவரே எதுக்குப்பா? நானே ஓட்டுவேன்."

ஷெட்டில் கார் துடைத்துக்கொண்டிருந்த வேம்புலியின் கை நின்றது. தசரதன் தீர்ப்பை அங்கேயே சொன்னார். "வேம்புலி, ஆயுத பூஜை அன்னிக்கு வண்டி ஒரே இழுப்புல கிளம்பிச்சின்னா, நீ மறுநாள்ல இருந்து மில்லுக்கு வந்துடு. மூட்டை அடுக்க ஆள் வேணும். ரூமுக்கு அவசரமில்ல, பொங்கல் கழிச்சி காலி பண்ணு." பெரிய மனசு. பதினேழு வருஷத்துக்கு ஒரு பொங்கல்.

"அப்பிடியே ஆவட்டும் மொதலாளி" என்றார் வேம்புலி.

பரந்தாமன் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, கம்பெனி வேலை நேரத்திலேயே, கம்பெனிக்குத் தெரியாமல் பெட்டி செய்தான். அலுமினியம். மேலே வரிவரியாகத் துடுப்பு. முகப்பில் ஒரு பச்சை விளக்கு. விளக்கு எரிந்தால் எல்லாம் சுகம் என்று அர்த்தம். புரட்டாசி முதல் ஞாயிறு அதைக் காரில் பொருத்த உட்கார்ந்தான்.

பானெட்டுக்குள் எட்டிப் பார்த்த வேம்புலி மெதுவாகச் சொன்னார். "தம்பி, இந்த வண்டியில பாட்ரி பிளஸ்ஸுதான் பாடியில கட்டியிருக்கும். மைனஸ் இல்ல. பாத்து மாட்டு."

"வேம்புலி, மைனஸ்தான் பாடி. புஸ்தகத்துல இருக்கு."

"புஸ்தகம் எந்த வண்டிக்கு எய்துனது தம்பி?"

"எல்லா வண்டிக்கும்."

"அப்ப சரி" என்று வேம்புலி இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். எதற்குத் தள்ளி நிற்கிறார் என்று பரந்தாமன் கேட்கவில்லை. ஒயரை மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. உடனே சிவப்பாக எரிந்தது. பிறகு பெட்டியே எரிந்தது. நாகம்மாள் சமையற்கட்டில் இருந்து, "இன்னாடா கருகுது?" என்றாள். "டிப்ளமா" என்று வேம்புலி சொல்லவில்லை. நினைத்ததோடு சரி.

"வெள்ளைக்காரன் எல்லாத்தையும் தலைகீழா மாட்டிட்டுப் போயிருக்கான்" என்று பரந்தாமன் சரித்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, பிளஸ் பாடிக்குத் தகுந்த இரண்டாவது பெட்டியைச் செய்தான். இந்தத் தடவை வேம்புலி சொன்ன இடத்தில் ஒயர் போயிற்று. அப்படிச் சொன்னதாக யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

வண்டி கிளம்பியது. ஒரே இழுப்பு. காலையில் கிளம்பியது, மழையில் கிளம்பியது, இரண்டு நாள் சும்மா கிடந்துவிட்டுக் கிளம்பியது. பரந்தாமன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுற்றி மெழுகு துணி நாடாவை இறுக்கிச் சுற்றினான். "இனிமே இத இருவது வருஷத்துக்குத் தொறக்கவே வேணாம்."

பூஜைக்கு முதல் நாள் மத்தியானம், வேம்புலியின் தட்டில் சோற்றைப் போட்டபடி கெங்கம்மாள் கேட்டாள். "நாளைக்கு ஒரு நாள் அது கிளம்பாம போனா இன்னாய்யா? வண்டி உன் கையிலதானே கீது?"

"இன்னா பண்ண சொல்ற?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ இத்தினி வருசமா பண்ணதத்தான்."

வேம்புலி சோற்றைப் பிசைந்தார். "அது மொதலாளிக்காவப் பண்ணது. எனக்காவப் பண்ணா, அதுக்குப் பேரு திருட்டு."

"திருடாத மவராசா, மூட்ட தூக்கு. முதுகு வலின்னு எங்கிட்ட வந்து எண்ணெ தேய்க்கச் சொன்னே, பாத்துக்க."

ஆயுத பூஜை. காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம். அலுமினியப் பெட்டிக்குத் தனியாக ஒரு பொட்டு. இருபத்தைந்து சொந்தக்காரர்கள் பொரி தின்றுகொண்டு நின்றார்கள். பரந்தாமன் வேண்டுமென்றே நெமிலிச்சேரியில் இருந்து வந்திருந்த அத்தை எல்லம்மாவைக் கூப்பிட்டான். மாட்டு வண்டி தவிர எதையும் தொட்டறியாதவள்.

"அத்தே, இந்தக் குமிழை இழு."

"ஷாக்கு அடிக்குமாடா?"

"இழு அத்தே!"

இழுத்தாள். துரை வண்டி ஒரு தும்மல் கூட இல்லாமல் உறுமியது. எல்லம்மா அலறிக்கொண்டு இறங்கினாள். கைதட்டல். பரந்தாமன் நாலு பேருக்கும் கேட்கும்படி சொன்னான், "இனிமே இந்த வண்டி யாருக்கு வேணாலும், எப்ப வேணாலும் கிளம்பும்!"

அதற்கு மேல் தசரதனும் சொன்னார், "யாருக்கு வேணும்னாலும் வந்து கேளுங்க!"

பொரி தின்ற வாய்கள் அசைவதை நிறுத்தின. இருபத்தைந்து பேரும் மனசுக்குள் நாள்காட்டியைப் புரட்டும் சத்தம் வேம்புலிக்கு மட்டும் கேட்டது. மறுநாள் அவர் மில்லுக்குப் போய் முதல் மூட்டையில் கை வைத்தார்.

முதலில் வந்தவர் பக்தவத்சலம். திருத்தணிக்குப் போக ஒரே ஒரு நாள் கேட்டார். ஐந்தாம் நாள் திருப்பினார். பின் சீட்டில் மொட்டையடித்த முடி ஒட்டியிருந்தது. அடுத்து எல்லம்மா, பேரனுக்குத் திருவேற்காட்டில் காது குத்து. காது குத்தியது பத்து நிமிஷம், வண்டி போனது மூன்று நாள். ஆவடியில் இருந்து ஒரு சித்தப்பா தன் மகனுக்குப் பெண் பார்க்க எடுத்துப் போனார். பெண் பிடிக்கவில்லை. இன்னொரு பெண் பார்க்க எடுத்துப் போனார். அவருக்கு ஆறு இடங்களில் பிடிக்காமல் போனது. தசரதனுக்கே சொந்தமுறை புரியாத ஒருவர் வந்து, தான் தகப்பனாரின் பெரியம்மாவுடைய ஓர்ப்படி மகன் என்று சொல்லி, இரண்டு ஆடுகளை ஏற்றிக்கொண்டு போனார். எல்லோரிடமும் ஓட்டத் தெரிந்த ஒருவன் இருந்தான். எல்லோரும் போகும்போது சொன்னார்கள்: "உங்கப்பா மாதிரியே உனக்கும் தங்கமான மனசு."

காரை ஓட்டப்போவதாகச் சொன்ன பரந்தாமன் காலை ஆறரைக்கே அம்பத்தூர் பஸ் பிடித்துப் போய்விடுவான். தசரதனுக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஓட்ட ஷெட்டில் ஏதாவது இருக்க வேண்டும். ஷெட்டில் இருந்ததெல்லாம் எண்ணெய்க் கறையும், அதில் படுத்திருந்த ஒரு நாயும்தான்.

கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள். ஆவடியில் ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம். தசரதன்தான் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. பட்டு வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரம், கையில் குடை. காருக்காக ஏழு மணி வரை பார்த்தார். முதல் நாளே திருப்பித் தருவதாகச் சொன்ன பக்தவத்சலம் வரவில்லை. தூறலில் குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார்.

அப்போது கார் வந்தது. அவருடைய கார். அதன் ஹாரனே அவரை நகரச் சொன்னது. உள்ளே பக்தவத்சலம், அவர் சம்சாரம், நான்கு குழந்தைகள், ஒரு பலாப்பழம். பக்தவத்சலம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மாமா! நாங்களும் ஆவடி கல்யாணத்துக்குத்தான்! உள்ள எடமில்ல மாமா, பஸ்ஸு பின்னாலயே வருது!"

துரை வண்டி ஒரு தடவை கூட இருமாமல் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பள்ளத்தில் இருந்த சேறு முழுவதும் பட்டு வேட்டிக்கு வந்தது. தசரதன் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி ஏறி, பந்தி ரசம் வரை ஆகியிருந்தது. தாலி எடுத்துக் கொடுத்தவர் பக்தவத்சலம். "சமயத்துல உங்க மச்சான் வந்தாரோ, பொழச்சோம்" என்றார் கல்யாண வீட்டுக்காரர்.

மறுநாள் தசரதன் மில்லுக்குள் நுழைந்து நேராக மூட்டைகளின் பக்கம் போனார். வேம்புலி ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்றிருந்தார். முதுகு வில்லாக வளைந்திருந்தது.

"வேம்புலி, ஒண்ணு கேக்கறேன். பழைய நாள்ல என் மச்சானுக்கு மட்டும் அந்த வண்டி ஏன்டா ஒரு தடவ கூட கிளம்பல?"

வேம்புலி தவிட்டுத் தூசியைத் தட்டினார். "நெசத்தச் சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அளவு பாக்குற சிகரெட் அட்ட கீதுல்ல, அத ரெண்டு பொட்டுக்கும் நடுவுல அப்பிடியே உட்டு மூடிட்டா எப்பிடி மொதலாளி கிளம்பும்? பொட்டு பொட்டத் தொட்டாத்தான பொறி?"

தசரதன் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "பதினேழு வருஷமாவா?"

"நீ எடுத்துகினு போங்கன்னு சொல்லுவ. ஆனா சொல்லும்போது உன் மூஞ்சி கீது பாரு, எங்க ஊட்ல கெங்கம்மா கோழி அறுக்கச் சொல்லும்போது கோழி மூஞ்சி கீற மாதிரியே இருக்கும். சரி, வாயால சொல்ல முடியாதத நாம அட்டயால சொல்லுவோம்னுட்டு."

"நான் உன்ன எல்லார் எதிர்லயும் திட்டினேனேடா!"

"திட்னாத்தான மொதலாளி நம்புவாங்க."

தசரதன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா? அதான் பொட்டி வந்திடுச்சே."

"பொட்டி வந்தா? பொட்டு எங்க போச்சி? உள்ளதான் கீது. அது தொட்டு விலகினாத்தான் பொட்டிக்கே சேதி போவும். கரண்டு கம்மியா ஓடுது, அதனால கருகல. அவ்ளோதான் தம்பி பண்ணது." வேம்புலி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "அட்டய சொருவினா பொட்டிக்குச் சேதியே போவாது. பச்ச வெளக்கு மட்டும் அயகா எரியும். தம்பி நாடாவ வேற சுத்தி வெச்சிகீறாரு, இருவது வருசம் தொறக்க மாட்டாரு. நான் பிரிச்சி அதே மாதிரி சுத்தி வெச்சிட்டாப் போச்சி."

"இத பூஜைக்கு முன்னாலயே பண்ணியிருந்தா உன் வேல போயிருக்காதே?"

"எனக்காவப் பண்ணா திருட்டு மொதலாளி. நீ சொன்னா வேல."

தசரதன் எழுந்தார். "சொல்றேன். வண்டி ஓட்ட ஆளில்லாம நான் பஸ்ல போறேன், அதனால நீ திரும்ப டிரைவர். ஊர்ல அப்பிடித்தான் சொல்லணும். ரூம காலி பண்ண வேணாம், பொங்கலுக்கு வெள்ளையடிச்சுக்கோ. ஆனா பெட்டிக்கடை வாசல்ல நீ அட்ட பொறுக்கினா யாராவது பாத்து வைக்கப் போறாங்க. அட்ட நான் கொண்டாரேன்."

மார்கழி பிறக்கும் முன் பக்தவத்சலம் திருப்பதிக்கு வண்டி கேட்டு வந்தார். குடும்பம், தூக்கு, தலையணைகள் சகிதம்.

"தாராளமா எடுத்துகினு போ மச்சான்" என்றார் தசரதன். முகத்தில் கோழி இல்லை.

பக்தவத்சலம் குமிழை இழுத்தார். செல்ஃப் மோட்டார் மட்டும் கறக் கறக் என்று சுற்றியது. மறுபடி இழுத்தார். பரந்தாமன் ஓடி வந்தான். பச்சை விளக்கு அழகாக எரிந்தது. பெட்டியைத் தட்டினான், பெட்ரோலை முகர்ந்தான், பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினான், பிளக்கைக் கழற்றி ஊதினான். நாடா சுற்றிய மூடியை மட்டும் தொடவில்லை. அதில்தான் கோளாறே வர வாய்ப்பில்லையே.

"இன்னா டிரைவர் நீ? மச்சான் மானத்த வாங்கறியே!" என்று தசரதன் வீதி கேட்கக் கத்தினார். இவ்வளவு சந்தோஷமாக அவர் யாரையும் திட்டியதில்லை. வேம்புலி தலையைச் சொறிந்தார். பக்தவத்சலம் தூக்கோடு பஸ்ஸுக்குப் போனார்.

சாயங்காலம் தசரதன் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் காற்று வாங்கப் போனார். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. மாடியில் இருந்து அதைப் பார்த்த பரந்தாமன் நெற்றியில் அறைந்துகொண்டான். "வெயில்! பகல் சூட்டுல டிரான்சிஸ்டர் காஞ்சி போகுது. சாயங்காலம் ஆறிடுது!" மறுவாரமே பெட்டிக்கு விசிறி வைக்கும் ஆராய்ச்சியில் இறங்கினான். அது இன்னும் நடக்கிறது.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், தை மாதம் நாகம்மாள் சலவைக்குப் போட எடுத்த சட்டையில் சிகரெட் பாக்கெட் கிடைக்காமல் இருந்திருந்தால். ஒன்றல்ல. அலமாரியில் தேடியபோது இன்னும் நான்கு. எல்லாவற்றிலும் அட்டை கிழிக்கப்பட்டு, சிகரெட் அப்படியே இருந்தது. நாகம்மாளின் கண்ணில் பட்டது சிகரெட் மட்டும்தான்.

"அம்பத்திரெண்டு வயசுல இது எப்பலருந்து?"

தசரதன் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் அவள் தம்பி விஷயம் வெளியே வரும். மூடினார். "கொஞ்ச நாளாதான்" என்றார், வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொடாத மனிதர்.

"யார் கத்துக்குடுத்தான்னு எனக்குத் தெரியும். அந்த டிரைவர்! அவன் திரும்ப வந்த நாள்ல இருந்துதான் இந்தக் கண்றாவி. நாளைக்கே அவனை அனுப்பு. ரூமக் காலி பண்ணச் சொல்லு."

"முடியாது" என்றார் தசரதன்.

கூடத்துச் சுவரில் சந்தன மாலைக்குள் இருந்த தகப்பனாரின் படம் கூட ஒரு கணம் அதிர்ந்தது போல இருந்தது. நாகம்மாள் கையில் இருந்த சட்டை கீழே விழுந்தது.

"இன்னா சொன்ன?"

"முடியாதுன்னு சொன்னேன். வேம்புலி இங்கதான் இருப்பான்."

சொன்னவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு சின்ன வார்த்தை. நாக்கில் வலி கூட இல்லை. இதை எப்போதோ மைத்துனனிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் பதினேழு வருஷமும், இரண்டு அலுமினியப் பெட்டியும், ஒரு பட்டு வேட்டியும், வேம்புலியின் முதுகும் மிச்சமாகியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

தோன்றிய அதே நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. "மாமா, காஞ்சிபுரம் வரைக்கும் ஒரு நாள், வண்டி..."

"தாராளமா எடுத்துகினு போ மச்சான்!" என்று தசரதன் உள்ளிருந்தே கூவினார். பிறகு ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தார். பானெட்டைத் தூக்கிப் பிடித்தபடி வேம்புலி ஏற்கெனவே அட்டைக்காக மடியைத் துழாவிக்கொண்டிருந்தார்.